பத்திரிகையும் இணையமும்: வியாபாரிக்கு ஒரு கணக்கு

மொனராகலையில் கடை நடத்தும் நான், முன்பு பத்திரிகையில் சிறு விளம்பரம் போடுவதென்றால் வாசகத்தைத் தாளில் எழுதிக் கொழும்புக்குத் தபாலில் அனுப்புவேன். மிளகு கொள்வனவு விலையில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் அச்சான பின்னர்தான் தெரியவரும்.

இணையம் இதை மாற்றியது. செய்தியாளர் செய்தியையும் படத்தையும் மின்னஞ்சலில் அனுப்புகிறார். பக்கங்கள் கணினியில் வடிவமைக்கப்பட்டு, கோப்பாகவே அச்சகத்துக்குச் செல்கின்றன. என் விளம்பரமும் அச்சேறுமுன் கைத்தொலைபேசிக்கு வருகிறது, நானே சரிபார்க்கிறேன்.

ஆனால் இரண்டு செலவுகள் குறையவில்லை. ஒன்று போக்குவரத்து. ரயில் பாதை பதுளையோடு முடிகிறது. எங்களுக்குப் பத்திரிகை தரைவழியே வாகனத்தில்தான் வரவேண்டும். மற்றது கடதாசி. அது இறக்குமதிப் பொருள். டொலர் தட்டுப்பாட்டால் 2022 மார்ச்சில் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டு, இணையத்தில் மட்டும் வெளியாகின.

இணையத்தில் கடதாசிச் செலவு இல்லைதான். ஆனால் வருமானமும் குறைவு. பத்திரிகையை வாழவைப்பது விற்பனை விலையை விட விளம்பரமே. இணைய விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி உலகெங்கும் கூகுள், பேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கே போகிறது. எங்கள் ஊர்ச் செய்தியைத் தேடி எழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பது அவையல்ல.

ஆகவே வியாபார நண்பர்களே, எங்கே விளம்பரம் செய்தாலும் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: இதைப் பார்ப்பவர்களில் என் கடைப்படி ஏறக்கூடியவர் எத்தனை பேர்? எங்கோ ஆயிரம் பேர் பார்ப்பதைவிட, பிபிலையிலும் வெல்லவாயவிலும் நூறு பேர் பார்ப்பதே எங்களுக்கு இலாபம்.