நெட் இல்லாத மெஷினுக்கு கிட் எப்படிப் போகும்?

கிட் புஷ், கிட் புல்னு தினமும் அடிக்கிறோம். ஆனா பாதுகாப்புக்காக எந்த நெட்வொர்க்லயும் சேர்க்காத ஒரு மெஷினுக்கு நம்ம கோடு போகணும்னா? பென்டிரைவ்தான் வழி. அதுல என்ன போட்டு அனுப்புறதுங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல எல்லாருக்கும் தோணுறது பேட்ச் ஃபைல். லினக்ஸ் கெர்னல்லயே இன்னைக்கும் இமெயில்ல பேட்ச் அனுப்புறாங்க. ஆனா பேட்ச்ல இருக்கிறது மாற்றமும் அதை எழுதினவர் விவரமும்தான். வாங்குறவர் அதைச் சேர்க்கும்போது கமிட் புதுசா உருவாகும், ஐடி மாறிடும். மெர்ஜ் வரலாறும் கூட வராது. ரெண்டு மெஷின்லயும் கோடு ஒண்ணு, வரலாறு வேறன்னு ஆயிடும்.

இதுக்காக 2007-ல வந்ததுதான் கிட் பண்டில். நெட்வொர்க்ல போற அதே பேக் ஃபைலை ஒரு தனி ஃபைலா எழுதிக் கொடுக்குது. ஐடி மாறாது. வாங்குறவர் அதிலிருந்தே க்ளோன் பண்ணலாம், ஃபெட்ச் பண்ணலாம்.

சிக்கல் எங்கன்னா, சாதாரண ஃபெட்ச்ல ரெண்டு பக்கமும் பேசிக்கும். "இது வேணும், இதெல்லாம் என்கிட்ட இருக்கு"ன்னு நம்ம மெஷின் சொல்லும். சர்வர் மிச்சத்தை மட்டும் அனுப்பும். ஃபைலால கேள்வி கேட்க முடியாது. அதனால பண்டிலோட தலைப்பகுதியிலயே "இந்த கமிட்டெல்லாம் உங்ககிட்ட ஏற்கனவே இருக்கணும்"னு ஒரு பட்டியல் இருக்கும். உள்ள இருக்கிற டேட்டா அந்தப் பழைய கமிட்களோட வித்தியாசமா மட்டுமே சேமிக்கப்பட்டிருக்கலாம். பழசு இல்லேன்னா புதுசைத் திரும்பக் கட்டவே முடியாது. கிட் பண்டில் வெரிஃபை கொடுத்தா எது குறையுதுன்னு சொல்லிடும்.

இப்போ போன வாரப் பென்டிரைவ் வழியிலயே தொலைஞ்சுடுச்சுன்னு வைங்க. அதுக்கு அப்புறம் உள்ளதை மட்டும் இந்த வாரம் அனுப்பினா, அங்க ஒட்டவே ஒட்டாது. அதனால எதுவரைக்கும் அனுப்பினோம்னு ஒரு டேக் வச்சுக்கங்க. அந்தப் பக்கம் "வந்துடுச்சு"ன்னு சொன்ன பிறகு மட்டும் அதை நகர்த்துங்க. சந்தேகமா இருந்தா கொஞ்சம் பின்னாடி இருந்தே ஆரம்பிங்க. ஏற்கனவே இருக்கிற ஆப்ஜெக்ட் திரும்ப வந்தா கிட் கண்டுக்காது. கூடுதலா அனுப்பினா சில எம்பிதான் செலவு. குறைவா அனுப்பினா ஒரு பயணமே வீண்.

கடைசியா ஒண்ணு: ஃபைல் கெட்டுப்போனா செக்சம் காட்டிக் கொடுக்கும். அதை யார் அனுப்பினாங்கன்னு அது சொல்லாது. அதுக்குத் தனியா கையெழுத்துப் போடணும்.