பழமலையிலிருந்து பனிமலைக்கு

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று பொருள். திருமுதுகுன்றம் என்பதும் அவ்வூரின் பெயரே. அங்கே கோயில் கொண்டிருக்கும் சுவாமிக்கும் பழமலைநாதர் என்றுதான் திருநாமம். பெயரில் இவ்வளவு மலை இருந்தும், கண்ணுக்கு ஒரு குன்றாவது அகப்படுமா என்றால் அகப்படாது. பக்கத்திலுள்ள நம் மங்கலம்பேட்டையிலும் அதே கதைதான்; மேடு என்று சொல்லிக்கொள்ள ஏரிக்கரையை விட்டால் வேறொன்றுமில்லை. இத்தகைய சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள் ஹிமாலயப் பள்ளத்தாக்கு ஒன்றில் நான்கு நாள் நடந்து சுகமாகத் திரும்ப முடியுமா? முடியும் என்பதையும், எந்த நிபந்தனையின் பேரில் முடியும் என்பதையும் நேயர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாம் சென்ற இடம் உத்தராகண்ட மாநிலத்தின் சமோலி ஜில்லாவிலுள்ள பூக்களின் பள்ளத்தாக்கு. 1931-ஆம் ஆண்டில் காமேட் சிகரத்தின்மேல் ஏறி வெற்றி பெற்ற பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர், திரும்பும் வழியில் ஒரு கணவாயைக் கடந்து இதற்குள் இறங்கினார். 1937-ல் மறுபடியும் வந்து தங்கி, அடுத்த ஆண்டே ஒரு புத்தகம் வெளியிட்டார். அதனால் அவரே இதைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் எழுதுகிறார்கள். பியூண்டார் கிராமத்து மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே ஆடு மேய்த்து வந்தார்கள். அவர்கள் புத்தகம் எழுதவில்லை, வித்தியாசம் அவ்வளவே.

1982-ல் இது தேசியப் பூங்காவாயிற்று, மேய்ச்சல் நின்றது. 2005-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரியச் சொத்துக்களில் சேர்த்தது. மேய்ச்சல் நிலத்தை இழந்த கிராமத்தார் பலர் இன்று யாத்ரீகர்களுக்கு வழிகாட்டியும், சுமை தூக்கியும், விடுதி நடத்தியும் ஜீவிக்கிறார்கள். நம் வழிகாட்டியும் அவர்களில் ஒருவரே. வயது முப்பது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

நம் கோஷ்டியில் ஒன்பது பேர். ஆசிரியர் மூவர், கல்லூரி வாலிபர்கள் ஐவர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் காலையில் நான்கு மைல் நடந்தோம். செஞ்சி ராஜகிரிக் கோட்டைமேல் இருமுறை ஏறி இறங்கினோம். புதிய பூட்ஸைப் பயணத்தன்று முதன்முதலாக மாட்டிக்கொள்ளாமல், ஊரிலேயே போட்டுப் பழகினோம்.

ஹரித்வாரத்திலிருந்து பஸ் ஏறி, ஜோஷிமடம் வழியாகக் கோவிந்தகாட்டை அடையவேண்டும். அங்கிருந்து புல்னா வரையில் ஜீப் போகிறது. பிறகு நடைதான். முதல் நாள் ஏறக்குறைய ஆறு மைல் நடந்து, சுமார் 10,000 அடி உயரத்திலுள்ள காங்காரியா என்ற சிற்றூரைச் சேர்ந்தோம். வாலிபர்கள் ஓட்டமாக முன்னே போனார்கள். வழிகாட்டி அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, தமக்குப் பின்னால் வரச் சொன்னார். "நடக்கும்போது பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச மூச்சு இல்லையென்றால் நில்லுங்கள்" என்றார். நான்கு நாளும் அதே விதிதான்.

இரண்டாம் நாள் பள்ளத்தாக்கினுள் சென்றோம். இரவில் அங்கே தங்க அனுமதியில்லை. காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களே பூக்கும் பருவம், மழைக்காலமும் அதுவே. நனையாமல் பூப் பார்க்க முடியாது. 500-க்கு மேற்பட்ட வகைச் செடிகள் அங்கே உள்ளன. நம் கொல்லையிலுள்ள காசித்தும்பைக்கு உறவான செடி ஆளுயரம் வளர்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் இளஞ்சிவப்பாய் நிற்கிறது. ஒரு மேட்டில் மார்கரெட் லெக் என்ற ஆங்கில மாதின் கல்லறை இருக்கிறது. செடிகள் சேகரிக்க வந்தவர்; 1939 ஜூலையில் பாறைச் சரிவில் கால் வழுக்கி இறந்தார். அந்தக் கல்லின் அருகில் எல்லோரும் சற்று நேரம் மௌனமாயிருந்தோம்.

மூன்றாம் நாள் ஹேமகுண்டம். சீக்கியர்களின் புண்ணிய ஸ்தலம், ஏரிக்கரையில் குருத்வாரா. காங்காரியாவிலிருந்து நான்கு மைலுக்குள் 3,000 அடிக்கு மேல் ஏறவேண்டும். அவ்வளவு உயரத்தில், மூச்சுக்கு மூச்சு நமக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். பாதி வழியில் தபால் நண்பருக்குத் தலைவலி கண்டது, பிறகு வாந்தி. வழிகாட்டி அவர் முகத்தைப் பார்த்தார். பெயரையும் ஊரையும் கேட்டார். நேராகச் சில அடி நடந்து காட்டச் சொன்னார். உடனே, "இறங்குங்கள்" என்றார்.

"தம்பி, மங்கலம்பேட்டையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இன்னும் இரண்டு மைல்தானே! சற்று உட்கார்ந்துவிட்டு ஏறுகிறேன்" என்று நண்பர் கெஞ்சினார்.

"சாச்சாஜி, உட்கார்ந்தால் இது தீராது. இறங்குவதுதான் மருந்து" என்றார் வழிகாட்டி. குரலில் கோபமில்லை, இளக்கமும் இல்லை. தம் உதவியாளோடு அவரைக் கீழே அனுப்பினார். நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டே இறங்கினார். மாலையில் நாம் திரும்பியபோது, தலைவலி நீங்கி, விடுதி வாசலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். வழிகாட்டியைக் கண்டதும் எழுந்து, அவருக்கும் ஒரு கோப்பை வரவழைத்தார். நான்காம் நாள் ஒன்பது பேரும் ஒன்றாகவே கோவிந்தகாட்டுக்கு இறங்கினோம்.

பாதை ஒன்றேதான், தவறிப்போக இடமில்லை. அப்படியிருக்க வழிகாட்டிக்குக் கூலி எதற்கு என்று புறப்படுமுன் சிலர் கேட்டார்கள். வழி காட்டுவது அவர் வேலையில் சிறு பகுதிதான். எப்போது நிற்பது, எப்போது திரும்புவது என்று சொல்வதே பெரும் பகுதி. மலைக்குப் புதியவனுக்குத் தன் உடம்பு சொல்வதும் விளங்காது, வானம் சொல்வதும் விளங்காது. விளங்கியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும்; அவர் சொல்லுக்கு மறுசொல் கூடாது.

மலையை இலேசாக எண்ணுவதன் அபாயத்தைத் தமிழ்நாடு அறியும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்துகொண்டது. அதில் உயிரிழந்தவர்கள் 23 பேர். அநேகர் இளம் வயதினர். அதன்பின் அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் தேர்ந்து, எளியவை, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, அவ்வவ்விடத்து மலைவாசி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பழக்கி, முன்பதிவு செய்து செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஹிமாலயம் வரை போகப் பொருளோ அவகாசமோ இல்லாதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

பெற்றோர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: பிள்ளைகளை, பெண் குழந்தைகளையும் சேர்த்து, மலைக்கு அனுப்புங்கள். பயந்து வீட்டில் பூட்டி வைக்கவேண்டாம். ஆனால் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரோடு அனுப்புங்கள். அவர் திரும்பு என்றால் திரும்பவேண்டும் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். பேரம் பேசாமல் அவருக்குரிய கூலியையும் கொடுத்தனுப்புங்கள்.