ஒருங்கிணைந்த கணிப்பொறிக் கட்டமைப்பு

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கல்லாறு. அங்கு வாழும் ஒருவர் வருமானச் சான்றிதழ் பெற இன்று தாளை ஏந்திச் செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள அட்சயா மையத்தில் பதிவு செய்யும் விண்ணப்பம், மாநில அரசின் தரவு மையத்திலுள்ள கணிப்பொறிகளின் வழியாகக் கிராம அலுவலருக்குச் சென்றடைகிறது. அக்கணிப்பொறிகள் நின்றுவிடுமாயின், மலையடிவாரத்தில் காத்திருப்பவரின் காரியமும் நின்றுவிடும். ஆகவே, அவற்றைப் பராமரிக்கும் முறை பொதுமக்களின் நலனைப் பொறுத்ததாகும்.

தரவு மையத்தின் பணிகள் மூவகைப்படும். சர்வர்கள் கணக்கிடுகின்றன, சேமிப்புக் கருவிகள் தரவுகளைக் காக்கின்றன, வலையமைப்புக் கருவிகள் இவற்றை இணைக்கின்றன. முன்னாளில் இவற்றைத் தனித்தனியே வாங்கித் தனித்தனிக் குழுவினர் பராமரிப்பதே வழக்கமாக இருந்தது. புதிய சேவையொன்றைத் தொடங்க மூன்று குழுக்களும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. பழுது நேர்ந்தபோதோ, அது எப்பகுதியில் உள்ளது எனக் கண்டறிவதிலேயே காலம் கழிந்தது.

இக்குறையை நீக்க எழுந்ததே ஒருங்கிணைந்த கட்டமைப்பு. இதில் மூவகைக் கருவிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு, ஒன்றுக்கொன்று இசைகின்றனவா எனச் சோதிக்கப்பட்டு, ஒரே தொகுதியாக வந்து சேர்கின்றன. ஒரே மென்பொருள் அனைத்தையும் கண்காணிக்கிறது. 2009ஆம் ஆண்டில் சிஸ்கோ, இ.எம்.சி., விஎம்வேர் ஆகிய நிறுவனங்கள் கூட்டாக அறிமுகப்படுத்திய 'விபிளாக்' இவ்வகையைச் சேர்ந்தது.

இதன் அடுத்த படியில், தனிச் சேமிப்புக் கருவியே இல்லை. ஒவ்வொரு சர்வரிலும் உள்ள தட்டுகளை மென்பொருள் ஒன்றிணைத்துப் பொதுக் களஞ்சியமாக்குகிறது. ஒவ்வொரு தரவும் குறைந்தது இரு சர்வர்களில் படியெடுத்து வைக்கப்படுவதால், ஒன்று பழுதுபட்டாலும் வேலை தொடர்கிறது. இப்பாதுகாப்புக்கு விலையும் உண்டு. இரு படிகள் வைத்தால், 100 டெராபைட் கொள்ளளவில் பயன்படுவது ஏறத்தாழ 50 டெராபைட்டே.

எனினும், பராமரிப்பு எளிதாவதால் பொறுப்புக் குறைந்துவிடாது. தொகுதி முழுவதும் ஒரே நிறுவனத்தினுடையதாயின், பின்னர் வேறு நிறுவனத்துக்கு மாறுவது கடினம். சேமிப்பிடம் மட்டும் தேவைப்படும்போதும், சில அமைப்புகளில் சர்வரையும் சேர்த்தே வாங்க நேரிடும். மேலாண்மை மென்பொருளில் நிகழும் ஒரு தவறு தொகுதி முழுவதையும் பாதிக்கக்கூடும். தீயோ வெள்ளமோ கட்டிடத்தைத் தாக்கினால், அதனுள் இருக்கும் இரு படிகளும் ஒருங்கே அழியும்.

ஆதலின், தரவுகளின் மற்றொரு படியைத் தொலைவிலுள்ள வேறோர் ஊரில் வைத்தல் வேண்டும். அப்படியிலிருந்து பணியை மீண்டும் தொடங்க இயலுமா என்பதை அவ்வப்போது சோதித்தல் வேண்டும். தரவுகளைப் பொதுவான வடிவத்தில் திரும்பப் பெறும் உரிமையை வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறினால்தான், தலைநகரில் எளிதாக்கப்பட்ட பராமரிப்பின் பயன் கல்லாற்றில் காத்திருப்பவரையும் சென்றடையும்.