பிக்கப் வண்டியின் மூடியும் எரிபொருட் செலவும்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பிக்கப் வண்டி ஓட்டுவோரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. பெட்டியிற் சரக்கு இல்லாதபோது பின்கதவைக் கீழே மடித்துவிட்டு நெடுஞ்சாலையில் விரைவார்கள். காரணம் கேட்டால் விடை ஆயத்தமாயிருக்கும். முன்னாலிருந்து வரும் காற்றுப் பெட்டிக்குள் விழுந்து பின்கதவிலே மோதுகிறதாம், கதவைத் திறந்துவிட்டால் காற்றுத் தடையின்றி வெளியேறுமாம், பெற்றோல் மீதப்படுமாம். கேட்பவருக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயினும் பரிசோதித்துப் பார்த்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது. திறந்த கதவு செலவைக் கூட்டுகிறது. மூடிய கதவு குறைக்கிறது. பெட்டியின் வாயையே ஒரு மூடியால் அடைத்துவிட்டால் இன்னும் சிறிது குறைகிறது. இஃது ஏன் என்பதையும், அந்தச் சிறிது எவ்வளவு என்பதையும் நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

பிக்கப் வண்டி கமக்காரரின் தேவையிலே பிறந்தது. முன்னே சாரதி இருக்கும் கூடு, பின்னே திறந்த பெட்டி. அவ்வளவுதான் அதன் அமைப்பு. போர்ட் கம்பனியார் தமது புகழ்பெற்ற 'ரீ' மாதிரி மோட்டார் வண்டியை, தொழிற்சாலையிலேயே பொருத்திய பிக்கப் பெட்டியோடு 1925ஆம் ஆண்டிலே விற்பனைக்கு விட்டனர். பெட்டியை மூடும் தட்டையான மூடிக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'ரொனோ' என்ற பெயர் அதனினும் பழையது. பிரெஞ்சு மொழியிலே அது பீப்பாவைக் குறிக்கும். ஆதிகால மோட்டார் வண்டிகளின் பின்னிருக்கைப் பகுதி பீப்பாப் போல வளைந்திருந்தமையால் அப்பகுதிக்கு அப்பெயர் வந்தது. ஆளில்லாத பின்னிருக்கையைப் புழுதி படாமல் மூடிய துணிக்கு அது பின்னர் ஆயிற்று. அந்தத் துணியே இன்று பிக்கப் வண்டியின் பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொற்களும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி மறு வண்டியில் ஏறிக்கொள்கின்றன!

நிற்க, காற்றின் செய்திக்கு வருவோம். மாரிகாலத்திலே பாலத்தின் தூணை மோதிச் செல்லும் வெள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். நீர் தூணின் இரு மருங்கும் பிரிந்து விரைகிறது. ஆனால் தூணுக்குப் பின்புறத்திலே ஓரிடம் உண்டு. அங்கே நீர் முன்னோக்கி ஓடாமல் ஒரே இடத்திற் சுழன்றுகொண்டிருக்கும். மிதந்து வந்த சருகொன்று அதிலே அகப்பட்டால் நெடுநேரம் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஓடும் பிக்கப் வண்டியிலும் இதுவே நிகழ்கின்றது. சாரதியின் கூட்டு முகட்டைத் தழுவி வரும் காற்று, முகடு முடியுமிடத்திலே வண்டியை விட்டுப் பிரிகின்றது. அது செங்குத்தாகப் பெட்டிக்குள் விழுவதில்லை. பெட்டிக்குள்ளே, நாலு புறமும் அடைப்பட்ட இடத்திலே, மெதுவாகச் சுழலும் காற்றுச் சுழியொன்று தங்கிவிடுகின்றது. மேலே விரையும் காற்று அந்தச் சுழியை ஒரு மெத்தையாகக் கொண்டு, அதன்மேல் வழுக்கிப் பின்கதவின் விளிம்பைத் தாண்டிச் செல்கின்றது.

கதவைத் திறந்துவிட்டால் நேர்வது என்ன? சுழியைத் தாங்கியிருந்த சுவர் போய்விடுகின்றது. மெத்தை குலைகின்றது. கூட்டின் முதுகுப்புறத்திலே காற்றமுக்கம் குறைந்து, அந்தக் குறைந்த அமுக்கம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கின்றது. வண்டியின் நெற்றியிலே மோதும் காற்றை எல்லோரும் அறிவோம். முதுகைப் பிடித்திழுக்கும் இந்த வெற்றிடத்தையோ கண்ணாற் காண இயலாது. கதவைத் திறந்தவர்கள் தவறியது இவ்விடத்திலேதான்.

மூடி இட்டால், பெட்டிக்குள்ளே சுழி உண்டாக இடமில்லை. மேலிருந்து தாழும் காற்று ஒரு மட்டமான தளத்தின்மேல் ஒழுகிப் பின்புறம் சேர்கின்றது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபை விமானங்களையும் வாகனங்களையும் நிறுத்திப் பரிசோதிப்பதற்கென ஒட்டாவாவிலே பெரிய காற்றுச் சுரங்கமொன்றை வைத்திருக்கின்றது. அச்சபையைச் சேர்ந்த கெவின் கூப்பர் என்பார், பிக்கப் வண்டிகளின் காற்றியக்கம் பற்றி 2004ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மூடியைக் கழற்றவேண்டாம் என்ற அறிவுரை அக்கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது.

இவ்வளவையும் கேட்டவர் உடனே மூடி வாங்கப் புறப்படலாம். சற்றுப் பொறுக்க. காற்றுத் தடை குறைவது வேறு, எரிபொருட் செலவு குறைவது வேறு. எஞ்சினின் உழைப்பிலே ஒரு பங்குதான் காற்றை வெல்லச் செலவாகின்றது; மிகுதி ரயர்களின் உராய்விலும், பாரத்தை அசைப்பதிலும், பிறவற்றிலும் போகின்றது. ஆகவே மூடியினாற் காற்றுத் தடை நூற்றுக்கு 5 குறைந்தாலும் செலவு நூற்றுக்கு 5 குறையாது.

விளங்குதற்பொருட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஒரு வண்டி, 100 கிலோமீற்றருக்கு 10 லீற்றர் குடிக்கிறது என்றும், அதிற் பாதி, அதாவது 5 லீற்றர், காற்றுக்காகச் செலவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மூடி அதிலே நூற்றுக்கு 5 குறைத்தால், மீதமாவது கால் லீற்றர். 10,000 கிலோமீற்றர் ஓடினால் 25 லீற்றர். இனி அதே வண்டி மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடட்டும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தடை காற்பங்காகும். அப்பொழுது மூடியால் வரும் மீதம் 100 கிலோமீற்றருக்கு 60 மில்லிலீற்றரளவே. ஒரு சிறிய மருந்துப் போத்தலை அது நிரப்பக்கூடும்.

இனி மூடியே இல்லாமல், அந்த 100ஐ 90 ஆகக் குறைத்துப் பாருங்கள். காற்றுக்கான செலவு 5 லீற்றரிலிருந்து ஏறக்குறைய 4 லீற்றராகிவிடும். மூடி தருவதைப்போல் நாலு மடங்கு மீதம், ஒரு சதமும் செலவின்றிக் கிடைக்கின்றது. அமெரிக்கர் இதனை அறியாதவரல்லர். 1973ஆம் ஆண்டிலே அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது, அடுத்த ஆண்டே அந்நாட்டரசு நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்கு, அதாவது சுமார் 89 கிலோமீற்றருக்கு மட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. மக்களின் முணுமுணுப்புக்கிடையே 1995 வரை அச்சட்டம் நிலைத்தது.

நம் நாட்டிலே 2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் வாசலிலே நாட்கணக்காகக் காத்துக்கிடந்தவர்களுக்குக் கால் லீற்றரும் பெரிதுதான். அதனாலேயே இக்கணக்கைத் தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அதிவேக நெடுஞ்சாலையிலே மணிக்கு 100 கிலோமீற்றரில் நாள்தோறும் போய்வரும் பிக்கப் வண்டிக்கு மூடி சிறிது உதவும். சந்தைக்கும் வயலுக்கும் இடையே குண்டுங்குழியுமான தெருவிலே மரக்கறியும் உரமும் ஏற்றும் வண்டிக்கு எரிபொருள் வகையில் அதனாற் பயன் இல்லையென்றே கூறுவேன். கனமான மூடியாயின் அதன் பாரத்தை ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் எஞ்சின் மறுபடி தள்ளவேண்டும். மழையிலிருந்து சீமெந்தைக் காக்கவும், புழுதியிலிருந்தும் கள்வரிடமிருந்தும் பொருளைக் காக்கவும் மூடி நல்லது. அந்தக் காரணங்களுக்காக வாங்குவோர் தாராளமாக வாங்கலாம்.

மூடி வாங்கியபின் பெற்றோல் வெகுவாக மிச்சப்படுகிறது என்று சத்தியம் பண்ணுவோரும் உளர். அவர்கள் பொய்யுரைக்கிறார்கள் என்று நான் எண்ணவில்லை. புதிதாகப் பணம் செலவழித்தவர் அதன் பலனைக் காணும் ஆவலிலே வண்டியை நிதானமாக ஓட்டுவது இயல்பு. எதிர்க்காற்று, மேடு, ரயரின் காற்று, ஏற்றிய பாரம் ஆகிய ஒவ்வொன்றும் மூடியின் பலனை விழுங்கிவிடும் அளவுக்குக் கணக்கை மாற்றவல்லவை. உண்மை அறிய விரும்புபவர் ஒரே தெருவிலே, ஒரே வேகத்திலே, காற்றின் திசைக்கு ஈடாகப் போக்கும் வரவுமாக ஓட்டி, ஒரே பம்பிலே தாங்கியை நிரப்பி அளக்கவேண்டும். மூடியோடு சில முறையும் மூடியின்றிச் சில முறையும் செய்யவேண்டும். ஒரே ஒரு முறை அளந்து பெற்ற முடிவை நம்புதல் கூடாது.

இன்னுமொன்று. நம்மூரில் மூடிக்குப் பதிலாகப் படங்கைப் போட்டுக் கயிற்றாற் கட்டுவதுண்டு. மேலே சொன்ன பலன் விறைப்பாக, மட்டமாக இருக்கும் மூடிக்கே உரியது. தளர்ந்த படங்கு காற்றிலே புடைத்தும் படபடத்தும் தடையைக் கூட்டவே செய்யும். வெறும் பெட்டியோடு திரும்பும்போது படங்கைச் சுருட்டி உள்ளே வைத்து, பின்கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுவதே மேல்.