காபி பிடிக்கும், சரி, காபி தெரியுமா? மூன்று டம்ளரில் ஒரு சோதனை

நீங்கள் புனேயில், தாபோடி பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழர் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் கிடைப்பது டீதான். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்ட 'அமிர்ததுல்ய' டீ நன்றாகவே இருக்கும். ஆனால் காலையில் ஃபில்டர் காபி வேண்டுமென்றால் பெரும்பாலும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

2023 ஆகஸ்டில் தாபோடிக்கு மெட்ரோ வந்துவிட்டதால், சிவாஜிநகரில் இறங்கி ஃபெர்குசன் கல்லூரி சாலை கஃபேக்களுக்குப் போவது இப்போது எளிது. அங்கே உடன் வேலை பார்ப்பவர் பாலும் சர்க்கரையும் இல்லாத 'போர் ஓவர்' வாங்கிக்கொண்டு கேட்கிறார்: "நீ இன்னும் சிக்கரி போட்ட காபியா குடிக்கிற?"

காபி பிரியருக்கும் காபி தெரிந்தவருக்கும் நடுவில் கோடு போடும் கேள்வி இது. அந்தக் கோடு உண்மையில் எங்கே இருக்கிறது? விலை உயர்ந்த கிரைண்டரிலா, சர்க்கரையை விட்டதிலா?

இந்தக் கோடு நமக்குப் புதிதில்லை. காபி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமான கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஓட்டல் பலகையில் சாதிப் பெயர் தொங்கிய காலமும் உண்டு. 1957இல் சென்னையில் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தியது ஓர் ஓட்டல் வாசலில்தான். யார் எந்தக் காபி குடிக்கிறார் என்பதை வைத்து ஆளை எடைபோடுவது நம்ம ஊர்ப் பழைய பழக்கம்.

தொழில்முறையில் எப்படி அளக்கிறார்கள்?

காபி வணிகத்தில் சுவைப்பதே வேலையாக இருப்பவர்கள் உண்டு. பொடியில் வெந்நீர் ஊற்றி, சுமார் 4 நிமிடம் விட்டு, மேலே படியும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து, சத்தமாக உறிஞ்சி, 100க்கு மதிப்பெண் போடுவார்கள். 80 அல்லது அதற்கு மேல் வந்தால் அது 'ஸ்பெஷாலிட்டி' காபி. கவனியுங்கள், அந்த மதிப்பெண் கொட்டைக்கு; குடிப்பவருக்கு இல்லை.

சுவைப்பவருக்கும் தனித் தேர்வு இருக்கிறது. அதில் முக்கியமானது முக்கோணச் சோதனை. மூன்று கோப்பைகளில் இரண்டு ஒரே காபி, ஒன்று வேறு. அந்த வேறு எதுவென்று சொல்ல வேண்டும். நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சிவப்பு விளக்கு போட்டுவிடுவார்கள்.

இதை நீங்கள் அறையிலேயே செய்யலாம். மூன்று ஒரே மாதிரி டம்ளர், ஒரே சூடு, ஒரே அளவு பால், சர்க்கரை. ரூம்மேட் கலந்து வைக்கட்டும், நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் டம்ளர்களை இடம் மாற்றி, இரண்டு நாளில் பிரித்து 6 சுற்று.

இப்போது கணக்கு. சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே 3இல் 1 சரியாக வரும். அதாவது 6 சுற்றில் சராசரியாக 2. நான்கு அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னாலும் குதிக்க வேண்டாம். அது வெறும் அதிர்ஷ்டத்தால் நடக்க 10% வாய்ப்பு இருக்கிறது. 5 அல்லது 6 வந்தால் விஷயம் வேறு. அது தற்செயலாக நடக்க வாய்ப்பு 2%க்கும் குறைவு. உங்கள் நாக்குக்கு வித்தியாசம் தெரிகிறது.

முதலில் சிக்கரி கலந்த பொடியையும் கலக்காததையும் வைத்துப் பாருங்கள். ஃபில்டர் காபியில் வளர்ந்தவர்கள் இதில் தடுமாற மாட்டார்கள் என்பது என் கணிப்பு. சிக்கரி காபியே இல்லை, ஒரு செடியின் வறுத்த வேர், கஃபீன் கிடையாது, கசப்பும் கெட்டித்தன்மையும் தரும். கஷ்டமான சுற்று அடுத்தது: நீங்கள் வழக்கமாக வாங்கும் சிக்கரி இல்லாத பொடி ஒன்று, இரண்டு மடங்கு விலையில் 'எஸ்டேட்' பெயர் போட்ட பொடி ஒன்று. பாலோடு குடிப்பவர் பாலோடுதான் சோதிக்க வேண்டும். பாலில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், கூடுதலாகக் கொடுத்த காசு பாலோடு போயிற்று.

காசு எங்கே போகிறது?

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது, வரலாறு காணாத உச்சம். காபி விலை ஏறும்போது பாக்கெட்டில் சிக்கரியின் பங்கையும் பார்ப்பது நல்லது. இந்திய விதிப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51%க்குக் குறையக் கூடாது. எது எத்தனை சதவீதம் என்று லேபிளில் இருக்க வேண்டும். 500 கிராம் பாக்கெட் 60:40 என்றால் அதில் காபி 300 கிராம்தான், 80:20 என்றால் 400. விலையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 'மலிவான' பாக்கெட் சில நேரம் மலிவாக இருக்காது.

சிக்கரி பிடித்துத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 6க்கு 6 எடுத்துவிட்டு 60:40தான் வேண்டும் என்பவரை, 6க்கு 2 எடுத்துவிட்டுச் சிக்கரியைக் கிண்டல் செய்பவரைவிட நான் அதிகம் நம்புவேன். சோதனை முடிந்தும் ஆர்வம் அடங்காதவர்களுக்கு, பெங்களூருவில் இந்தியக் காபி வாரியம் 'காபி சாஸ்திரா' என்ற பயிற்சி வகுப்பு நடத்துகிறது. அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.