ஏ.வி.ஆர் வாங்கப் போறீங்களா? பெட்டி மேல இருக்கிற வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடுல நாம பேசப்போறது ஏ.வி.ஆர், அதாவது ஆடியோ வீடியோ ரிசீவர் பத்தி. லட்சக்கணக்குல போற மாடல் இல்ல. மாசச் சம்பளக்காரங்க கொஞ்சம் காசு சேர்த்து ஹாலுக்கு வாங்குற மாடல்.

முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன். அப்பா ரிட்டயர் ஆனப்போ, ஹாலுக்கு ஒரு நல்ல சவுண்ட் சிஸ்டம் வேணும்னு ஆசைப்பட்டார். காசு அவரோடது, தேர்வு என்னோடது. வீட்டுல ஒரு இன்ஜினியர் இருக்கான், அவனுக்குத் தெரியாதாங்கிற நம்பிக்கை. நான் மொத்தப் பணத்தையும் ஒரு 7.2 சேனல் ரிசீவர்ல போட்டுட்டேன். ஸ்பீக்கருக்கு ஒண்ணும் மிஞ்சல. "பழைய டிவிடி ஹோம் தியேட்டரோட அஞ்சு ஸ்பீக்கர் சும்மாதானே கிடக்கு, அதையே மாட்டிக்கலாம்"னு சொல்லிட்டேன்.

முதல் நாள் படம் போட்டோம். சண்டைக் காட்சி வந்ததும் ரிசீவர் 'டக்'னு ஆஃப் ஆயிடுச்சு. திரும்ப ஆன் பண்ணோம், கொஞ்ச நேரத்துல திரும்ப ஆஃப். சத்தத்தைக் குறைச்சு வெச்சா ஓடுச்சு. ஆனா அம்மா ஒண்ணு சொன்னாங்க: "சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது. பேசுறதுதான் ஒண்ணும் புரியல."

அப்பா எதுவும் சொல்லல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ரிசீவர் மேல எந்தத் தப்பும் இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி நான் எதைப் பார்த்திருக்கணுமோ அதைப் பார்க்கல. அதைத்தான் இன்னைக்கு ஒவ்வொண்ணா சொல்லப்போறேன்.

ஏ.வி.ஆர் என்னதான் செய்யுது?

ஒரு பெட்டிக்குள்ள நாலு வேலை நடக்குது. ஒண்ணு, செட்-டாப் பாக்ஸ், ப்ளூ-ரே ப்ளேயர், கேம் கன்சோல்னு எல்லாத்தையும் ஹெச்.டி.எம்.ஐ வழியா வாங்கி, எது வேணுமோ அதை டிவிக்கு அனுப்புறது. ரெண்டு, டால்பி, டி.டி.எஸ் மாதிரி ஃபார்மட்டைப் பிரிச்சு, எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகணும்னு முடிவு பண்றது. மூணு, அந்த சிக்னலை ஸ்பீக்கரை ஓட்டுற அளவுக்குப் பெருசாக்குறது, அதாவது ஆம்ப்ளிஃபயர் வேலை. நாலு, உங்க ரூமை மைக் வெச்சு அளந்து சத்தத்தைச் சரிபண்றது.

நாம கடையில கேட்கிறது மூணாவது வேலையைப் பத்தி மட்டும்தான்: "எத்தனை வாட்ஸ்ணே?" ஆனா குறைந்த விலை ரிசீவர்கள்ல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் ரொம்பக் கம்மியா இருக்கிறது அந்த விஷயத்துலதான்.

ஒரே பெட்டி, மூணு நம்பர்

உதாரணத்துக்கு யமஹாவோட ஆர்எக்ஸ்-வி385 எடுத்துப்போம். 2018-ல வந்த சாதாரண 5.1 ரிசீவர். அதோட ஸ்பெக் ஷீட்ல ஒரு சேனலுக்கு 135 வாட்ஸ்னும் இருக்கும், 100 வாட்ஸ்னும் இருக்கும், 70 வாட்ஸ்னும் இருக்கும். மூணும் பொய் இல்ல. அளந்த விதம்தான் வேற.

135 வாட்ஸ்ங்கிறது ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரே ஒரு டோனை அனுப்பி, சத்தத்துல 10 சதவீதம் வரைக்கும் சிதைவு இருக்கலாம்னு அனுமதிச்சு அளந்தது. 10 சதவீதம்னா காதுக்கே பிசிறு தெரியும். 100 வாட்ஸும் ஒரு சேனல், ஒரு டோன்தான், ஆனா சிதைவு 0.9 சதவீதம். 70 வாட்ஸ்தான் ரெண்டு சேனலைச் சேர்த்து ஓட்டி, 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 0.09 சதவீத சிதைவோட அளந்தது. நீங்க பார்க்க வேண்டிய நம்பர் இந்த மூணாவதுதான். அதுவும் 6 ஓம்ஸ்லயா, 8 ஓம்ஸ்லயா அளந்தாங்கன்னு சேர்த்துப் பாருங்க. ரெண்டு மாடலை ஒப்பிடும்போது ஒரே கணக்குல அளந்த நம்பரை மட்டும் ஒப்பிடுங்க.

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. பழைய டேப் ரெக்கார்டர் மேல பி.எம்.பி.ஓ ஆயிரம் வாட்ஸ், ரெண்டாயிரம் வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கா? அந்த பி.எம்.பி.ஓவுக்கு இப்படித்தான் அளக்கணும்னு ஒரு பொது விதியே கிடையாது. நம்ம ஊர்ல ஆம்ப் அசெம்பிள் பண்றவங்க எல்லாருக்கும் 4440 ஐ.சி தெரியும். ஸ்டீரியோவுல அது தர்றது சேனலுக்கு 6 வாட்ஸ். அந்த ஆறு வாட்ஸ்லயே தெருவுக்குக் கேட்கிற மாதிரி பாட்டு போட்டிருக்கோம். அமெரிக்காவுல இந்த வாட்ஸ் கணக்கை எப்படிச் சொல்லணும்னு 1974-லயே எஃப்.டி.சி ஒரு விதி கொண்டு வந்துச்சு. பிரச்சனை அவ்வளவு பழசு.

இன்னொரு விஷயம். வாட்ஸ் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்காகாது. வெறும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தம்னு தோணணும்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் வேணும். 70 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டெசிபல். அதுக்காக ஆயிரக்கணக்குல கூடக் கொடுக்காதீங்க.

இதே கணக்கு ஸ்பீக்கர் பக்கம் உங்களுக்கு உதவும். ஸ்பீக்கர்ல சென்சிட்டிவிட்டின்னு ஒரு அளவு போட்டிருப்பாங்க: 85 டெசிபல், 88 டெசிபல்னு. ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல எவ்வளவு சத்தம் வரும்ங்கிறது அது. 85-க்குப் பதிலா 88 உள்ள ஸ்பீக்கரை எடுத்தீங்கன்னா, ரிசீவரோட பவரை ரெண்டு மடங்காக்குன மாதிரி. 12-க்கு 14 அடி ஹால்ல சாதாரணமா படம் பார்க்கும்போது பெரும்பாலான நேரம் ஸ்பீக்கர் எடுத்துக்கிறது ஒண்ணு ரெண்டு வாட்ஸ்தான். மிச்சம் எல்லாம் குண்டு வெடிக்கிற அந்த ஒரு நொடிக்கு.

ஸ்பீக்கர் பின்னாடி திருப்பிப் பாருங்க

எங்க வீட்டு ரிசீவர் ஏன் ஆஃப் ஆச்சு? பழைய ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தப்போ பின்னாடி '3 ஓம்ஸ்'னு போட்டிருந்துச்சு. செட்டாக வந்த நிறைய ஹோம் தியேட்டர்கள்ல ஸ்பீக்கர் இப்படித்தான் இருக்கும். அந்தப் பெட்டியோட ஆம்ப்புக்குன்னே செஞ்சது. தனியா வாங்குற ரிசீவர்ல ஸ்பீக்கர் டெர்மினல் பக்கத்துலயோ மேனுவல்லயோ 6 ஓம்ஸுக்குக் குறையக்கூடாதுன்னு போட்டிருப்பாங்க. சில மாடல் 4 ஓம்ஸ் வரைக்கும் தாங்கும்.

ப்ளஸ் டூ இயற்பியல்தான். ஆம்ப் 20 வோல்ட் தருதுன்னு வெச்சுப்போம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்னா ரெண்டரை ஆம்பியர் கரன்ட், 50 வாட்ஸ். அதே 20 வோல்ட்டை 3 ஓம்ஸ்ல கொடுத்தா ஆறரை ஆம்பியருக்கு மேல, 133 வாட்ஸ். அஞ்சு ஸ்பீக்கரும் இப்படி இழுத்தா ரிசீவர் தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆயிடும். அதுக்குப் பேர் புரொடெக்‌ஷன் மோட். நல்லவேளை, அது இருந்ததால எங்க ரிசீவர் பொழைச்சுது. இன்ஜினியரிங் படிச்ச நான் இதை ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும்.

5.1 போதுமா, அட்மாஸ் வேணுமா?

5.1-ல முன்னாடி மூணு, பக்கத்துல ரெண்டு, ஒரு சப்-ஊஃபர். அட்மாஸ்னா இதோட தலைக்கு மேல இருந்தும் சத்தம் வரும். குறைஞ்சது 5.1.2, அதாவது ரெண்டு ஸ்பீக்கர் சீலிங்லயோ, சீலிங்கைப் பார்த்தோ. அதுக்கு ஏழு சேனல் ஆம்ப் வேணும். நான் வாங்குன 7.2-ல அந்த வசதி இருந்துச்சு. ஆனா சீலிங்ல ஓட்டை போட அப்பா சம்மதிக்கல, எங்க ஹால்ல சோபா சுவத்தை ஒட்டி இருக்கிறதால பின்னாடி ஸ்பீக்கர் வைக்கவும் இடமில்ல. ரெண்டு சேனல் இன்னைக்கு வரைக்கும் சும்மா இருக்கு. '.2'ன்னா ரெண்டு சப்-ஊஃபர் மாட்டலாம்னு அர்த்தம். நிறைய பட்ஜெட் மாடல்கள்ல அந்த ரெண்டு பின்னுக்கும் ஒரே சிக்னல்தான் போகும்.

அட்மாஸ் இல்லாத 5.1 ரிசீவர்ல அட்மாஸ் படம் ஓடாதோன்னு பயப்படாதீங்க. ஓ.டி.டி-ல வர்ற அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ல ஏறி வருது. பழைய ரிசீவர் அதை 5.1-ஆ எடுத்து ஓட்டிடும். அதனால கேள்வி இதுதான்: அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல உண்மையிலேயே மேல ஸ்பீக்கர் மாட்டுவீங்களா? ஆமான்னா ஏழு சேனல் வாங்குங்க. இல்லன்னா 5.1 வாங்கி மிச்சக் காசை ஸ்பீக்கர்ல போடுங்க. வாடகை வீடு, ஒயரே இழுக்க முடியாதுன்னா, தயங்காம ஒரு நல்ல சவுண்ட்பார் வாங்குங்க. அது தோல்வி இல்ல.

ஹெச்.டி.எம்.ஐ: எண்ணிப் பாருங்க

உங்க வீட்டுல என்னென்ன மாட்டப் போறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. படம் பார்க்கிறது எல்லாம் டிவிக்குள்ள இருக்கிற ஆப்லதான்னா ஒரே ஒரு கேபிள் போதும். டிவியில 'ஏ.ஆர்.சி'ன்னு எழுதியிருக்கிற போர்ட்ல இருந்து ரிசீவரோட 'ஏ.ஆர்.சி' அவுட்புட்டுக்கு. டிவி செட்டிங்ஸ்ல சி.இ.சி-ஐயும் ஆன் பண்ணிட்டா டிவி ரிமோட்லயே சத்தம் கூட்டலாம், குறைக்கலாம். ஓ.டி.டி தர்ற 5.1-க்கு சாதாரண ஏ.ஆர்.சி தாராளமா போதும். ப்ளூ-ரேல இருக்கிற தரம் குறையாத ஆடியோ டிவி வழியா வரணும்னாதான் இ-ஏ.ஆர்.சி தேவை. ப்ளூ-ரே ப்ளேயரை நேரா ரிசீவர்ல மாட்டுனா அதுவும் தேவையில்ல.

கேம் விளையாடுறவங்க 4கே 120 ஹெர்ட்ஸுக்காக விலை கூடின ரிசீவர் தேடுவாங்க. உங்க டிவியில அந்த வசதி இருந்தா கன்சோலை நேரா டிவியில மாட்டுங்க, சத்தத்தை மட்டும் இ-ஏ.ஆர்.சி வழியா ரிசீவருக்கு எடுங்க. வீடியோவுக்காக ரிசீவர்ல கூடுதல் காசு போட வேண்டாம்.

வெளிநாட்டுல இருந்து வாங்கலாமா?

"அமெரிக்காவுல பாதி விலை, மாமா வரும்போது கொண்டு வரச் சொல்லலாமா?" இதை என்கிட்ட நிறைய பேர் கேட்கிறாங்க. முதல்ல அந்த மாடல் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அங்க விக்கிற ரிசீவர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும். லேப்டாப் சார்ஜர் மாதிரி எல்லா வோல்டேஜும் ஏத்துக்காது. நம்ம 230 வோல்ட்ல நேரா சொருகினா அதோட கதை முடிஞ்சுது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும், அது தனிச் செலவு, தனிக் கனம். இங்க வாரன்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்கன்னா நேர்ல போய், எல்லா ஹெச்.டி.எம்.ஐ போர்ட்டையும் ஒவ்வொண்ணா படம் போட்டுப் பாருங்க. அரைமணி நேரம் ஓட விட்டு எல்லாச் சேனல்லயும் சத்தம் வருதான்னு கேளுங்க. கேலிப்ரேஷன் மைக் கூட இருக்கான்னு கேளுங்க. ஒவ்வொரு கம்பெனியும் தன் ரிசீவருக்குன்னு ஒரு மைக் தரும், வேற மைக்கை மாட்டினா அளவு சரியா வராது.

காசை எப்படிப் பிரிக்கிறது?

என் கணக்கு இது: 100 ரூபாய் இருந்தா ரிசீவருக்கு 40-க்கு மேல போகாதீங்க. மிச்சம் ஸ்பீக்கருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கணும்னும் இல்ல. முதல்ல ரிசீவரும், நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ரெண்டும். 5.1 ரிசீவர்ல ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் மாட்டி, சென்ட்டர் 'இல்லை'ன்னு செட்டிங்ஸ்ல சொல்லிட்டா, வசனம் அந்த ரெண்டுலயே பிரிஞ்சு வரும். அடுத்து சென்ட்டர், அப்புறம் சப்-ஊஃபர், கடைசியா சரவுண்ட்.

மாட்டினதும் மைக்கை நீங்க உட்கார்ற இடத்துல, காது உயரத்துல வெச்சு கேலிப்ரேஷனை ஓட்டுங்க. யமஹாவுல ஒய்.பி.ஏ.ஓ, டெனான்ல ஆடிஸி, பேர்தான் வேற. ஓட்டும்போது ஃபேனை ஆஃப் பண்ணுங்க. முடிஞ்சதும் சின்ன ஸ்பீக்கர்களுக்கு 'ஸ்மால்', க்ராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்னு இருக்கான்னு பாருங்க. அதுக்குக் கீழ உள்ள பேஸை சப்-ஊஃபர் பார்த்துக்கும். சப்-ஊஃபர் வாங்குற வரைக்கும் முன்னாடி ஸ்பீக்கரை 'லார்ஜ்'ல விடுங்க. ரிசீவர் மேல காத்து போற இடம் விடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு மூடின அலமாரி ஆகவே ஆகாது.

கடைசியா அம்மா சொன்னதுக்கு வர்றேன். 5.1 படத்துல வசனம் பெரும்பாலும் சென்ட்டர் ஸ்பீக்கர்லதான் வரும். நான் அந்தச் சின்ன சென்ட்டரை டிவி ஸ்டாண்டோட கீழ் தட்டுல, உள்ளே தள்ளி வெச்சிருந்தேன். மைக் கேலிப்ரேஷன் ஓட்டவே இல்ல. நாலு மாசம் கழிச்சு, 6 ஓம்ஸ்ல ரெண்டு புக்‌ஷெல்ஃபும் ஒரு சென்ட்டரும் என் சம்பளத்துல வாங்கினேன். சென்ட்டரைத் தட்டோட முன் விளிம்புக்கு இழுத்து, காதைப் பார்த்த மாதிரி லேசா மேல சாய்ச்சு வெச்சேன். கேலிப்ரேஷன் முடிஞ்சு சென்ட்டர் அளவை மட்டும் 2 டெசிபல் ஏத்தினேன். இப்போ முன்னாடி மூணு ஸ்பீக்கர்தான் ஓடுது, சப்-ஊஃபர்கூட இல்ல. அம்மா சீரியலைக்கூட அதுலதான் பார்க்கிறாங்க. அப்பா பழைய பாட்டு கேட்கிறார்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஹாலை அளங்க, ஸ்பீக்கர் ஓம்ஸைப் பாருங்க, மாட்டப்போற பொருளை எண்ணுங்க, வீட்டுல யாருக்கு என்ன கேட்கலன்னு கேளுங்க. வாட்ஸைக் கடைசியா பாருங்க.

உங்க ரூம் அளவு, ஸ்பீக்கர் மாடல் எழுதி அனுப்புங்க, முடிஞ்சதை அடுத்த எபிசோடுல எடுத்துப் பேசலாம்.