மூடினால் வியர்க்கும், திறந்தால் ஒழுகும்

கச்சான் காற்று வன்னியைக் காயவைக்கும் மாதங்களில் தோலில் வியர்வை தங்குவதில்லை. காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் ஹெட்செட் மாட்டிக் கேம் விளையாடும் பெடியளின் காதுகளுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. காதைச் சுற்றிய மெத்தைக்குள் அடைபட்ட கொஞ்சக் காற்று வெகுவிரைவில் ஈரம் ஏறிப்போகிறது. அதன்பிறகு வியர்வை ஆவியாக இடமில்லை, சூடு வெளியேற வழியுமில்லை.

பிறகு ஏன் இப்படி இறுக்கி மூடவேண்டும்? அடித்தொனிக்காகத்தான். கோயில் திருவிழாவில் கட்டும் ஸ்பீக்கர் பெட்டிகள் தெருவின் காற்றையே அசைக்கும். ஹெட்செட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரோ பெரும்பாலும் 40 அல்லது 50 மில்லிமீற்றர் அகலந்தான். அதனால் அது காதைச் சுற்றி ஒரு சிறு அறையை அடைத்து, அதற்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. மூக்குக்கண்ணாடியின் கால் நுழையும் அளவு இடைவெளி போதும், மெதுவாக அசையும் அழுத்தம் அதனூடாக ஒழுகிவிடும். றெக்சின் உறை நன்றாக அடைக்கும், வியர்க்கவும் வைக்கும். துணி உறை காற்றை விடும், அடித்தொனியில் கொஞ்சம் குறைக்கும். வன்னிக்கு நான் துணியைத்தான் சொல்வேன்.

உறைக்குள் இருக்கும் மெமரி ஃபோம், 1960களில் விமான இருக்கைகளுக்காக நாசா ஆய்வில் பிறந்தது. சூடு பட்டால் இளகுவது அதன் குணம். குளிரூட்டிய அறையில் சற்று விறைத்து நிற்பது, எங்கள் வெக்கையில் மாட்டியவுடனேயே தாடையோரம் படிந்துவிடும். வெக்கையால் கிடைக்கும் ஒரே லாபம்.

வயர் போன இடத்தில் பற்றரி வந்தது. மொத்த எடை 300 கிராமுக்குக் கிட்ட. அது உச்சந்தலையை அழுத்தக்கூடாதென்றால் பக்கவாட்டில் இறுக்கவேண்டும். இறுக்கினால் நாலு மணித்தியாலத்தில் தாடை வலிக்கும். தலைக்கு மேலே தொங்கும் அகலப் பட்டி இந்தச் சுமையைப் பரப்பிவிடுகிறது.

வயரில்லாததற்கு இன்னொரு விலையும் உண்டு: தாமதம். சாதாரணப் புளூடூத்தில் அது 200 மில்லிசெக்கனைத் தொடலாம். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 70 மீற்றர் போய்விடும். திரையில் பக்கத்தில் வெடிக்கும் துவக்கு, காதுக்கு ஒரு வயல் தள்ளி வெடிக்கிறது. கணினியில் செருகும் தனி ரிசீவர் இதைப் பத்து மீற்றர் அளவுக்குச் சுருக்கும்.

காதை மூடுவதா திறப்பதா என்பது முகமாலையில் விளையாட்டல்ல. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களுக்காக அங்கே கண்ணிவெடி அகற்றுபவர்களில் பெண்கள் கணிசம். முகத்துக்கு முன்னால் 5 மில்லிமீற்றர் பொலிகாபனேற் கவசம், உடம்பில் பாரமான அங்கி, மேலே வெயில். வெடி தேடும் கருவிகள் பலவற்றில் ஸ்பீக்கரும் உண்டு, ஹெட்போன் செருகவும் இடமுண்டு. ஹெட்போன் மாட்டினால் மெல்லிய கீச்சொலியும் தப்பாது. ஆனால் வெடி தேடும் பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒருவர் "நில்லுங்கோ!" என்று கத்தினால், அதுவும் கேட்டாகவேண்டும்.